முறைப்பெண்ணும் மறைக்காத சந்தேகமும்: டார்வின்–எம்மா தாம்பத்தியம், ஒரு நிகழ்வு ஆய்வு

மணமுறிவு மனு போட்டுவிட்டு ஆலோசனைக்கு வந்து உட்காரும் தம்பதிகளிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவரல" என்பது. எது ஒத்துவரவில்லை என்று கேட்டால் முதலில் சின்னச் சின்னதாகவே வரும். கட்டிலில் கிடக்கும் ஈரத்துண்டு, அம்மா வீட்டுக்குப் போன நாட்களின் கணக்கு, சாப்பிடும்போதும் கீழே வைக்காத செல்போன். அரைமணி நேரம் கழித்துத்தான் யாராவது ஒருவர் குரல் தழுதழுக்க, "அதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்பார். கூட வந்த பெரியவர்கள், "விட்டுக்கொடுத்துப் போங்கப்பா" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்புவார்கள். நல்ல சொல்தான். எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது, எதைத் தீராமலேயே வைத்துக்கொண்டு சேர்ந்து வாழ்வது என்பதை மட்டும் அந்தச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

அதைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்த நிகழ்வு, பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினுக்கும் அவர் மனைவி எம்மாவுக்கும் நடந்த திருமணம். 1839 ஜனவரி 29 முதல் 1882 ஏப்ரல் 19 வரை, 43 ஆண்டுகள். வாழ்க்கையின் மிகப் பெரிய கேள்வியில் இருவரும் எதிரெதிர் கரையில் நின்றார்கள். கடைசிவரை கரை மாறவில்லை. அப்படியும் அந்த வீட்டில் அன்பு குறைந்ததற்கான தடயம் எங்கும் இல்லை. இருவரும் எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருப்பதால், அது எப்படி நடந்தது என்பதை ஓரளவு உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது.

மாமன் வீடு

நம் வழக்கில் சொன்னால் எம்மா சார்லஸுக்கு முறைப்பெண். சார்லஸின் தாய் சூசன்னாவின் உடன்பிறந்த தம்பி இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன குடும்பம். அவருடைய கடைசி மகள் எம்மா, 1808 மே 2 அன்று பிறந்தவர். சார்லஸ் 1809 பிப்ரவரி 12. பெண் ஒன்பது மாதம் மூத்தவள். சார்லஸின் அக்கா கரோலின் 1837இல் எம்மாவின் அண்ணனைத்தான் மணந்திருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம்.

சார்லஸுக்கு எட்டு வயதில் தாய் போய்விட்டார். அதன்பின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் மேயர் என்ற ஊரில் இருந்த மாமன் வீடுதான் அவருக்கு ஆசுவாசம். 1831இல் பீகிள் என்ற ஆய்வுக் கப்பலில் போக வாய்ப்பு வந்தபோது தகப்பனார் மறுத்தார். அவர் அடுக்கிய எட்டு ஆட்சேபங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித் தந்தவர் இந்தத் தாய்மாமன்தான். அவர் மட்டும் பேசாதிருந்தால் அந்தப் பயணமே நடந்திருக்காது.

ஐந்து வருடக் கடல் பயணம் முடித்து 1836இல் திரும்பியவருக்குக் கல்யாணம் செய்வதா வேண்டாமா என்ற குழப்பம். 1838இல் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். செய்தால்: பிள்ளைகள், முதுமையில் துணை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், "எப்படியும் ஒரு நாயைவிட மேல்." செய்யாவிட்டால்: நினைத்த இடத்துக்குப் போகலாம், புத்தகத்துக்குக் காசு மிஞ்சும், நேரம் வீணாகாது. கடைசியில் "கல்யாணம், கல்யாணம், கல்யாணம்" என்று மூன்று முறை எழுதி, கணக்கு நிரூபணம் முடிந்ததுபோல் முடித்தார். இந்தக் காகிதத்தைக் காட்டிப் பலர் சிரிப்பார்கள். எனக்கு அது கவலை தரும் ஆவணம். பெண் என்ன நினைப்பாள் என்ற பத்தியே அதில் கிடையாது. இப்படித் தொடங்கிய ஒருவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதே இந்த ஆய்வில் எனக்கு முக்கியம்.

1838 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மேயரில் கேட்டார். எம்மா சம்மதித்தார். நட்பு இப்படியே சில வருடம் போகும் என்று நினைத்திருந்தவருக்கு அது எதிர்பாராதது. சார்லஸுக்கோ தலைவலி. இருவர் முகமும் அன்று வாடிக் கிடந்ததாக எம்மாவே பின்னர் எழுதினார். சார்லஸின் நாட்குறிப்பில் மட்டும் "நாட்களிலெல்லாம் நாள்" என்று இருக்கிறது.

ஆயிரம் பொய் சொல்லாத கல்யாணம்

சார்லஸுக்கு அப்போதே கிறித்தவ நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. உயிரினங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை அல்ல என்ற எண்ணம் ரகசியக் குறிப்பேடுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. அவருடைய தகப்பனார் ராபர்ட் டார்வின் பெயர்பெற்ற மருத்துவர். எத்தனையோ வீடுகளுக்குள் போய்வந்தவர். அவரும் நம்பிக்கையற்றவர்தான். மகனிடம் சொன்னார்: உன் சந்தேகங்களை மனைவியிடம் கவனமாக மறைத்துவிடு, இதனால் மணமானவர்கள் படும் பெருந்துயரை நான் பார்த்திருக்கிறேன். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்" என்று நம் ஊரில் சொல்வதன், அவர்கள் ஊரான ஷ்ரூஸ்பரியின் வடிவம் இது.

அந்த அறிவுரையை மகன் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் சொல்லிவிட்டார்.

எம்மாவுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை அறிய ஒரு விவரம் போதும். அவருடைய உயிர்த்தோழியாக வளர்ந்த அக்கா ஃபேன்னி 1832இல் இருபத்தாறு வயதில் இறந்தார். மறுமையில் அக்காவை மறுபடி பார்ப்போம் என்பதுதான் எம்மாவை நிமிர்த்திய நம்பிக்கை. மணக்கப்போகிறவனுக்கு அந்த மறுமையே உறுதியில்லை என்றால், செத்தபின் இருவரும் ஒரே இடத்தில் இருக்கப்போவதில்லை என்று பொருள்.

நிச்சயமான பத்தாம் நாள், நவம்பர் 21 அன்று, எம்மா எழுதினார். நேர்மையான சந்தேகம் பாவமாகாது என்று அறிவு சொல்கிறது, ஆனாலும் நமக்கிடையே வலிமிகுந்த ஒரு வெற்றிடமாக அது இருக்கும் என்று மனம் சொல்கிறது என்றார். அடுத்து வந்த வரிதான் இந்தத் திருமணத்தின் அஸ்திவாரம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்னிடம் வெளிப்படையாக இருந்ததற்கு மனமார நன்றி, எனக்கு வலிக்கும் என்று பயந்து உங்கள் எண்ணத்தை மறைக்கிறீர்கள் என்ற உணர்வு வந்தால் அதைத்தான் நான் அஞ்சுவேன் என்று எழுதினார். கூடவே ஒரு வேண்டுகோள்: யோவான் நற்செய்தியில் இயேசு சீடர்களிடம் விடைபெறும் பகுதியை ஒருமுறை படியுங்கள்.

தன் அத்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் இதே குணத்தைத்தான்: நான் பார்த்ததிலேயே ஒளிவுமறைவற்ற மனிதர், ஒவ்வொரு சொல்லும் அவர் உண்மையில் நினைப்பதுதான். நம் வீடுகளில் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் அக்கறையில் பாதியாவது இதை விசாரிப்பதற்குச் செலவிடலாம் என்று எனக்குத் தோன்றும்.

"முத்தமிட்டு அழுதிருக்கிறேன்"

மேயர் தேவாலயத்தில் கல்யாணம் முடிந்து லண்டனில் குடித்தனம் தொடங்கிய சில வாரங்களில் எம்மா இன்னொரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே எழுதியது. நேரில் பேசினால் சரியாகச் சொல்ல வராது என்று எழுத்தில் வைத்திருக்கிறார். நிரூபணமாகாத எதையும் நம்பாத விஞ்ஞானப் பழக்கம், அப்படி நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்கள் மனத்தை அளவுக்கு மீறி ஆளுகிறதோ என்று கேட்டார். கடைசியில், நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் உரியவர்கள் இல்லை என்று நினைக்க நேர்ந்தால் என் துக்கத்துக்கு அளவே இருக்காது என்று முடித்தார்.

மிரட்டல் இல்லை. "என்மேல் அன்பு இருந்தால் நம்புவீர்கள்" என்ற பேரம் இல்லை. பதில்கூடக் கேட்கவில்லை. சார்லஸ் நேரில் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு கிடையாது. அந்தக் கடிதத்தை மட்டும் அவர் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். அதன்மேல் தன் கையால் எழுதியது: "நான் இறந்தபின் அறிந்துகொள், பலமுறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்."

அவர் நம்பிக்கைக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அழுதார், மாறவில்லை. எம்மாவும் அவரை மாற்றிவிட்டேன் என்று காட்ட முயலவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவர் எழுதியிருந்தார்: எல்லாவற்றிலும் கருத்து ஒத்துப்போகாவிட்டாலும், அதைப் பற்றிய உணர்வில் நாம் பெரிதும் ஒத்திருக்கலாம் என்று நம்புகிறேன். "ஒத்துவரல" என்று வருகிறவர்களிடம் இந்த ஒரு வேறுபாட்டைப் புரியவைக்க எனக்குச் சில வேளை மூன்று அமர்வுகள் ஆகும்.

விட்டதும் விடாததும்

சார்லஸ் ஒழுங்கு விரும்பி. எம்மா சிறுவயதிலிருந்தே சாமான்களைப் போட்டது போட்டபடி விடுகிறவர். பிறந்த வீட்டில் அதற்கென்றே கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். மகள் ஹென்ரியட்டா எழுதிவைத்தபடி, சுத்தபத்தத்தில் தனக்கிருந்த இயல்பான ஆசையை விட்டுவிடுவது என்றும், எம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளாததற்கு எரிச்சலே படுவதில்லை என்றும் சார்லஸ் தீர்மானித்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனதாக இல்லை, எரிச்சலையே அனுமதிப்பதில்லை என்ற முடிவு. ஈரத்துண்டு வழக்குகள் எல்லாமே இந்த இடத்தில் முடிந்துவிடக் கூடியவை.

எம்மா தரப்பிலும் அப்படியே. விஞ்ஞானத்தில் அவருக்கு ஆர்வம் கிடையாது. இருக்கிறதாக நடிக்கவும் இல்லை. ஒருமுறை விஞ்ஞானக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார்லஸ், "உனக்கு இது ரொம்ப சலிப்பாக இருக்கும்" என்று வருந்த, "மற்றவற்றைவிட அதிகமில்லை" என்றார் எம்மா. அந்தப் பதிலை சார்லஸ் பின்னாளில் ஆசையாகத் திரும்பத் திரும்பச் சொல்வாராம்.

ஆனால் விடாத இடத்தில் விடவில்லை. 1842இல் லண்டனிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, கென்ட் பகுதியில் டௌன் கிராமத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1844இல் சார்லஸ் தன் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி முடித்தார். வெளியிடத் துணிவில்லை. ஜூலை 5ஆம் தேதி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி அத்துடன் வைத்தார்: நான் திடீரென்று இறந்துபோனால் 400 பவுண்டு ஒதுக்கி, தகுந்த ஒருவரைக் கொண்டு இதை வெளியிடு.

இதை நினைக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். அந்தக் கட்டுரை யாருடைய நம்பிக்கையை முதலில் காயப்படுத்துமோ, அவரிடமே அதை ஒப்படைக்கிறார். அவர் கிழித்துப் போட்டுவிடலாம். போடமாட்டார் என்று இவருக்குத் தெரியும். எம்மா அந்தக் கைப்பிரதியைப் படித்தார். கண் போன்ற நுட்பமான உறுப்பு சிறுகச் சிறுக உருவாகியிருக்கலாம் என்ற இடத்தில் ஓரத்தில், "பெரிய ஊகம்" என்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். நம்பாத கருத்தைக் கவனமாகப் படித்து, பலவீனமான இடத்தைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்த மனைவி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மா பிள்ளைகளுடன் தேவாலயம் போவார். சார்லஸ் அந்நேரம் நடக்கப் போய்விடுவார். அதற்காக வீட்டில் சண்டை வந்ததாக எந்தப் பிள்ளையும் எழுதவில்லை. எம்மாவும் ஊரோடு ஒத்தோடுகிறவர் அல்ல. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சபை முழுவதும் பீடத்தை நோக்கித் திரும்பினாலும், தமக்கு உடன்பாடில்லை என்று அவர் குடும்பம் நேராகவே நிற்கும்.

இரண்டு ஆட்டம்

பெரிய பிளவு ஒன்று நடுவில் இருக்கும்போது வீட்டைத் தாங்கியது அன்றாட ஒழுங்கு. மகன் பிரான்சிஸ் எழுதிய நினைவுகளில் அந்த நாள் மணிக்கணக்காகக் கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு வேலை. ஒன்பதரைக்கு வரவேற்பறைக்கு வந்து சோபாவில் படுத்துக்கொள்வார், வந்த கடிதங்களோ நாவலோ சத்தமாக வாசிக்கப்படும். பத்தரைக்கு மறுபடி வேலை. பிற்பகலில் மீண்டும் ஒரு வாசிப்பு. சோகமாக முடியும் நாவல்களைத் தடைசெய்யச் சட்டம் வேண்டும் என்பது சார்லஸின் கட்சி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேக்கேமன், நம் சொக்கட்டான்போலத் தாயம் உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம். தினமும் இரண்டு ஆட்டம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எம்மா பியானோ வாசிப்பார்.

ஆட்டக் கணக்கை சார்லஸ் எழுதியே வைத்திருந்தார். 1876 ஜனவரியில் அமெரிக்கத் தாவரவியலர் ஏசா கிரேக்குக் குதூகலமாக எழுதினார்: எம்மா 2,490 ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறாள், நான் 2,795. கூட்டினால் 5,285. மனைவியோடு செலவாகும் நேரத்தை நஷ்டக் கணக்கில் எழுதிய அந்த 1838ஆம் ஆண்டுக் காகிதத்தின் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

இன்று வருகிற இளம் தம்பதிகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சண்டை போட்ட நாளிலும் நிற்காத ஒரு காரியம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? சேர்ந்து காபி குடிப்பதோ, மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடப்பதோ, எதுவாகவும் இருக்கலாம். பலருக்குப் பதில் வராது.

1851

எந்தத் திருமணத்துக்கும் உண்மையான சோதனை பிள்ளையைப் பறிகொடுப்பது. இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். மேரி மூன்று வாரத்தில் போனாள். கடைசிப் பிள்ளை சார்லஸ் வேரிங் 1858 ஜூன் 28 அன்று இறந்தான். நடுவில், 1851இல், மூத்த மகள் ஆனி, பத்து வயது.

உடல்நலம் குன்றிய ஆனியை நீர்ச் சிகிச்சைக்காக மால்வெர்ன் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். நிலைமை மோசமாகி சார்லஸ் ஓடினார். எம்மா நிறைமாதம், பயணம் செய்ய முடியாது. வீட்டில் தபாலுக்குக் காத்திருந்தார். சார்லஸ் ஒவ்வொரு நாளும், சில நாள் மணிக்கு மணி, பிள்ளை குடித்தது, கேட்டது, சொன்னது எல்லாம் எழுதி அனுப்பினார். ஏப்ரல் 23 நண்பகலில் ஆனி இறந்தாள். அன்று எழுதிய கடிதத்தில், இனி நாம் ஒருவருக்கொருவர் இன்னும் அதிகமாகத் துணையாக வேண்டும் என்றார். அடக்கத்தை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டு எம்மாவிடம் விரைந்தார். எம்மா எழுதியிருந்தார்: என் முதல் செல்வம் நீங்கள்தான், எப்போதும் அப்படித்தான், நீங்கள் பத்திரமாக வீடு வந்து இருவரும் சேர்ந்து அழுவதுதான் எனக்குள்ள ஒரே ஆறுதல்.

மறுமையில் சந்திப்போம் என்பது ஒருவருக்கு. அந்த வழி மற்றவருக்கு அடைபட்டுவிட்டது. ஆறுதல் தேடும் திசையே வேறு. "உங்கள் அவநம்பிக்கையால்தான்" என்று எம்மா சொல்லியிருக்கலாம். "உன் கடவுள் எங்கே" என்று சார்லஸ் கேட்டிருக்கலாம். கிடைத்திருக்கும் கடிதங்களில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. மூன்று வாரத்தில் ஹொரேஸ் பிறந்தான்.

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் எங்கள் துறைக்கு இந்த நிகழ்வு ஒரு திருத்தமும் தருகிறது. ஆனியைப் பற்றி அப்பா அதன்பின் பேசி நான் கேட்டதில்லை என்று ஹென்ரியட்டா எழுதியிருக்கிறார். இறந்த ஒரு வாரத்தில் மகளைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதினார், அவ்வளவுதான். எம்மா மகளின் சிறிய எழுதுபெட்டியை, அவள் முடிக்கற்றையோடு, கடைசிவரை வைத்திருந்தார். மறைப்பது வேறு, ஆற மாட்டாத புண்ணைத் தொடாமல் இருப்பது வேறு.

யாருடைய தோளில்

இந்தத் திருமணத்தைப் புகழும்போது சில உண்மைகளை விடக்கூடாது. பணக்கவலை கிடையாது, இரு குடும்பத்துச் சொத்தும் வந்து சேர்ந்தது. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் ஆட்கள் இருந்தார்கள். சார்லஸுக்கு நாற்பது ஆண்டுகள் வாந்தியும் சோர்வும் தீராத நோய். பத்துப் பேறுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டது எம்மா. கடைசிப் பேறு நாற்பத்தெட்டு வயதில். பிற்காலத்தில் ஓர் இரவுகூட அவரைவிட்டுப் பிரிந்ததில்லை என்கிறார் பிரான்சிஸ். அதைத் தாங்கியவர் மனைவி என்பதால் நாம் அதை அன்பு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது உழைப்பும்கூட. அதைப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்பது சார்லஸின் பக்கம் நிற்கிறது. 1876இல் பிள்ளைகளுக்காக எழுதிய தன்வரலாற்றில், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நான் நினைத்த ஒரு சொல்லைக்கூட அவள் வாயால் கேட்டதில்லை என்றும், ஒவ்வொரு நற்குணத்திலும் என்னைவிட அவ்வளவு உயர்ந்தவள் எனக்கு மனைவியாகச் சம்மதித்ததை வியக்கிறேன் என்றும் எழுதினார்.

உறவுக்குள் மணந்ததால் பிள்ளைகள் உடலால் பலவீனப்பட்டார்களோ என்ற பயமும் அவரை அரித்தது. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதுபற்றி ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிப் பார்த்தார், நாடாளுமன்றம் ஏற்கவில்லை. முறைப்பெண் மணம் நம்மிடம் இன்னும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அந்தப் பயத்துக்கு இன்று மரபணு ஆலோசனை என்று ஒரு வழி இருக்கிறது.

1882க்குப் பிறகு

இறக்கும் தறுவாயில் சார்லஸ் எம்மாவிடம், சாவுக்கு எனக்குக் கொஞ்சமும் பயமில்லை, நீ எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைவில் வை என்றார். கடைசி நேரத்தில் மனம் மாறினார் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். பக்கத்திலிருந்த குடும்பம் அதை மறுத்தது. அந்த மாற்றத்துக்காக ஆயுள் முழுக்க ஏங்கியவர் எம்மா.

தன்வரலாறு அச்சுக்குப் போகும்போது, மதம் பற்றிய சில பகுதிகள் வேண்டாம் என்று எம்மா மகன் பிரான்சிஸிடம் கேட்டுக்கொண்டார். குழந்தைக்குப் புகட்டிய கடவுள் நம்பிக்கையை, பாம்பிடம் குரங்குக்குள்ள பயத்தோடு ஒப்பிட்ட வரி அதில் ஒன்று. உயிரோடிருந்தபோது அவர் பேச்சை அடக்காத எம்மா, இறந்தபின் ஊரறிய அச்சாவதைத் தாங்கவில்லை. 1887 பதிப்பில் அவை இல்லை. 1958இல் பேத்தி நோரா பார்லோ முழுவதையும் வெளியிட்டார். எம்மா செய்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. கரை கடைசிவரை வேறுதான் என்பதற்கு அது இன்னொரு சான்று.

1882 ஏப்ரல் 26 அன்று சார்லஸ் டார்வினை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரும் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எம்மா போகவில்லை, டௌன் வீட்டிலேயே இருந்தார். இன்னும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1896 அக்டோபர் 2 அன்று இறந்தார். அவர் கல்லறை டௌன் ஊர்த் தேவாலய வளாகத்தில், மேரியும் சின்ன சார்லஸும் அடக்கமான அதே மண்ணில் இருக்கிறது.